காணாக்கடி

குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வந்த கஜபதியைப் பார்த்ததும் நாகம்மாவின் கையிலிருந்த கரண்டி ரவைக் கஞ்சிக்குள் விழுந்து மூழ்கியது. தோளில் தொடங்கி இடுப்புவரை அவன் முதுகு முழுக்கச் சிவந்த தடிப்புகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஓரம் மேடிட்டு நடுவில் வெளுத்திருந்தது. பழுக்கக் காய்ந்த தோசைக்கரண்டியால் யாரோ சூடு வைத்துவிட்டுப் போன மாதிரி.

“இன்னாயா இது?”

“எது?”

“முதுவுயா. முதுவெல்லாம் இன்னா?”

“அரிக்குதேன்னு பார்த்தேன்,” என்று சொல்லிவிட்டு அவன் கதவு நிலையில் முதுகை வைத்துத் தேய்த்தான். எருமை கம்பத்தில் தேய்க்குமே, அப்படி. தேய்த்த இடமெல்லாம் இன்னும் பெரிதாக எழும்பியது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா வேம்புலியம்மாள் எட்டிப் பார்த்தாள். முத்தாபுதுப்பேட்டையில் வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தவள். குடியிருப்பவர்களின் வயிறு, வாய், சண்டை எல்லாவற்றையும் வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்வது அவள் வழக்கம்.

“காணாக்கடிடீ இது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி எதுனா கடிச்சிட்டுப் போயிருக்கும். வெத்தலையில மொளகு வெச்சி மெல்லச் சொல்லு. அடங்கிடும்.”

மென்றான். கஞ்சியையும் குடித்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். மத்தியானமே திரும்பி வந்தான். மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு கண் மூடிக்கிடந்தது. பேசினால் ‘ப’வும் ‘ம’வும் வரவில்லை.

நாகம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வியாதிக்கு இப்போதுதான் பேர் கண்டுபிடித்தோம், அதற்குள் இது என்ன?

முதல் வியாதி வயிற்றில். கஜபதி ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, புரொபேஷனில் இருந்தான். எதைச் சாப்பிட்டாலும் வயிறு ஊதும், ஊதினால் ஓட வேண்டும். பக்கத்து லேத்தில் நிற்கிற ஜேம்ஸ் அவனுக்குக் ‘கக்கூஸ் கஜா’ என்று பெயர் வைத்து, அது செக்‌ஷன் முழுக்க நிலைத்துவிட்டது. ஆள் இளைத்துக்கொண்டே வந்தான். நாட்டு வைத்தியம், பூச்சி மருந்து எல்லாம் முடிந்து, கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள்.

பார்த்தவர் ஒரு சர்தார் டாக்டர். பஞ்சாப்காரர். உடைந்த தமிழில், மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

“சீலியாக். பேர் சீலியாக். கோதுமை உனக்கு விஷம். சப்பாத்தி வேண்டாம், பூரி வேண்டாம். ஒரு துண்டுகூட வேண்டாம். லைஃப் முழுக்க வேண்டாம். லேசா சாப்பிடு, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடு. சரியா ஆயிடும்.”

கஜபதியும் நாகம்மாவும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோதுமை விஷமா? சர்க்கரை வந்தவனுக்கு டாக்டர்களே சொல்வது கோதுமைதானே? பஸ்ஸில் திரும்பி வரும்போது கஜபதி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். “ஊரே துன்னுது. எனக்கு மட்டும் விஷம்ன்றான்.”

நாகம்மா அரைகுறையாக எதையும் செய்கிறவள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ரேஷன் கோதுமையை மூட்டையோடு வேம்புலியம்மாளிடம் தள்ளிவிட்டாள். கோதுமை மாவு டப்பாவைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்தாள். சப்பாத்திப் பலகையைப் பிளந்து அடுப்பில் வைத்தாள். பிறகு லேசான சாப்பாட்டுக்கு வந்தாள். உடம்பு சரியில்லாதவனுக்கு எது லேசு என்பது அந்தப் பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். காலையில் ரவைக் கஞ்சி. பதினோரு மணிக்குத் தூக்கில் சேமியா. மத்தியானம் கொஞ்சம் ரசம் சோறு. சாயந்திரம் பாலில் தோய்த்த பன். ராத்திரி சப்பாத்திக்குப் பதிலாக மைதாவைக் கரைத்து ஊற்றிய தோசை, பஞ்சு மாதிரி.

மைதா குச்சிக்கிழங்கு மாவு. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தெரியும், அவ்வளவுதான். ஜவ்வரிசி கிழங்கில் வரவில்லையா? அது மாதிரி. கோதுமை பழுப்பாக இருக்கும், மைதா பால் வெள்ளை. பார்த்தாலே தெரியுமே. ரேஷன் கடைப் பலகையில் கோதுமை ஒரு வரி, ரவை ஒரு வரி, மைதா ஒரு வரி. சர்க்காரே தனித்தனியாகத்தான் எழுதி வைத்திருக்கிறது.

இப்படியாகக் கஜபதி வாழ்நாளில் சாப்பிடாத சுத்தபத்தத்தோடு சாப்பிட ஆரம்பித்தான். வயிறு பழையபடியே ஊதியது. ஆரம்பித்த கொஞ்ச நாளில் முதுகும் தடித்தது.

வெற்றிலை மிளகில் அது அடங்கவில்லை. ஒரு இடத்தில் அமுங்கினால் இன்னொரு இடத்தில் எழும்பியது. அக்குள், தொடை, பெல்ட் அழுத்துகிற இடம். முழங்கையில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், சொறிந்தால் உடைந்து நீர் வந்தது. வேம்புலியம்மாள் காணாக்கடியைக் கைவிட்டு, “ஆத்தா வந்துகீறா” என்று வாசலில் வேப்பிலை செருகினாள். வேப்பிலையைப் படுக்கையில் பரப்பிப் படுத்தான். கொப்புளத்தில் இலைக்காம்பு குத்தியதுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேம்ஸ் வந்தான். கொய்யாப்பழம் வாங்கி வந்திருந்தான். கிண்டலை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வந்தவன் மாதிரி உட்கார்ந்தான்.

“மச்சான், ஃபேக்டரி டிஸ்பென்சரில இன்னா சொன்னாங்கன்னு அண்ணிகிட்ட சொன்னியா?”

கஜபதி கையைச் சொறிந்தான்.

“இன்னா சொன்னாங்க ஜேம்ஸு?” என்றாள் நாகம்மா.

“லேத்துல ஊத்துற ஆயில் கீது பாருங்க, அது சேரலைன்றாங்க. தீபாவளி கழிச்சி மறுபடி மெடிகல். அப்பவும் உடம்பு இதே மாரி கீதுன்னா ஆயில்னு எழுதிடுவாங்க. எழுதிட்டா மெஷின்ல நிக்க உட மாட்டாங்க. பர்மனென்டா கீறவன்னா ஸ்டோர்ல கீர்ல போடுவாங்க. இவன் புரொபேஷன். ஊட்டுக்குப் போன்னுடுவாங்க.”

நாகம்மா எழுந்து நின்றாள். பயம் எப்போதும் அவளிடம் கோபமாகத்தான் வெளியே வரும்.

“ஆயிலு இத்தினி நாளா இல்லாம இப்பதான் வந்து கடிக்குதா? ஜேம்ஸு, நெசத்தைச் சொல்லு. கேன்டீன்ல இவரு சப்பாத்தி துன்றாரா?”

“நா பாக்கல அண்ணி.”

“பாக்கலையா, துன்னலையா?”

ஜேம்ஸ் நண்பனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கொய்யாப்பழத்தைப் பார்த்தான். “பாக்கல,” என்றான்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. வீட்டில் கோதுமை இல்லை. அவள் கையால் ஒரு துளி கொடுக்கவில்லை. அப்படியானால் வெளியே தின்கிறான். கணக்கு அவ்வளவு சுலபம்.

“துன்னலைடி,” என்றான் கஜபதி.

“பின்ன காத்துல வருதா?”

“துன்னலைன்றேன்ல.”

“வேல பூட்டா நா எங்கயா போவேன்? உன் நாக்கை அறுத்துப் போடணும்யா. நாய்க்கு முன்னாடி வெச்சாகூட இவ்ளோ கேவலமா அலையாது.”

வரிசை வீடு முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். கஜபதி சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். ஜேம்ஸ் பின்னாலேயே போனான்.

அதற்கடுத்த ஞாயிறு அவனைத் திருவேற்காட்டுக்கு இழுத்துப்போனாள். அம்மன் சந்நிதிக்கு வெளியே கற்பூரம் ஏற்றி, “அணைச்சி சத்தியம் பண்ணு,” என்றாள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல் பொய்யானால் அம்மன் விட மாட்டாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் திருடனே அதற்குப் பயப்படுவான். கஜபதி வீங்கிய கையால் பட்டென்று அடித்தான். “டாக்டர் சொன்ன நாள்லேர்ந்து கோதும துன்னல. ஆத்தா மேல சத்தியம்.” சுற்றி நின்றவர்கள் அவன் கொப்புளங்களைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

நாகம்மாவுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. சந்தேகப்பட்டுவிட்டோமே என்று இருந்தது. அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, சமைக்கத்தான் தெரியும். மறுநாள் காலையில் மைதாவோடு வெல்லம், ஏலக்காய் போட்டு நெய் விட்டு இனிப்பு அடை சுட்டாள். அவன் வாங்கிச் சாப்பிட்டான். பிடித்திருந்தது போல. இன்னொன்று கேட்டான். அவள் இரண்டாக வைத்தாள்.

வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் ஜேம்ஸ் அவனை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். தொண்டை அடைத்து மூச்சு இழுத்ததாம். லேத்தை நிறுத்தக்கூட முடியாமல் சரிந்துவிட்டானாம். டிஸ்பென்சரியில் ஊசி போட்டதில் மீண்டிருந்தான். முகம் ஊதி, கழுத்தும் முகமும் ஒன்றாகிக் கிடந்தது. பார்த்தவுடன் அது கஜபதி என்று அவளுக்கே தெரியவில்லை.

வேம்புலியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நேத்து சத்தியம், இன்னிக்குத் தண்டன. ஆத்தாகிட்டயா வெளாடுறது?”

நாகம்மா நம்பினாள். கட்டினவன் அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தான் என்பதை அவள் முழுசாக நம்பினாள். அவனுக்குத் தலையணை வைத்த கை, தள்ளித்தான் வைத்தது.

சாயந்திரம் வீக்கம் கொஞ்சம் வடிந்த பிறகு அவன் கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது.

“நாகு.”

“இன்னா?”

“நா தூக்கத்துல எந்திரிச்சி எதுனா துன்றேனா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கிண்டல் இல்லை. அழுத்தம் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

“எனக்கே தெரியலடி. நா துன்னலைன்னு எனக்குத் தெரியும். ஆனா ஆத்தாளே சொல்றா. அப்போ எனக்குத் தெரியாம நா துன்றேனா? நீ பாத்தியா?”

தன் வாயையே தான் நம்பாத மனிதனை அவள் அதுவரை பார்த்ததில்லை. பொய் சொல்கிறவன் இப்படிக் கேட்க மாட்டான். இவன் தின்னவில்லை. ஆனால் கோதுமை உள்ளே போகிறது. எங்கிருந்து?

விடியும்வரை புரண்டு படுத்துக் கண்டுபிடித்தாள். கடைக்காரன். கடைக்காரன் மைதாவில் கோதுமையைக் கலக்கிறான். பாலில் தண்ணீர் கலக்கிற ஊரில் இதைக் கலக்க மாட்டானா? உடனே கடைக்குப் போய்ச் சண்டை போட்டாள். கடைக்காரன் விழித்தான். “மைதாவுல கோதும கலக்குறேனா? இன்னாமா ஒளர்றே? காலங்காத்தால யாரு ஏத்திவுட்டா உன்ன?” என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். திருடன் முழி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கலப்படம் இல்லாத மைதா வேண்டும் என்றால் அரைக்கிற இடத்துக்கே போக வேண்டும். ஜேம்ஸின் மனைவிக்கு அண்ணன், மணவாளன் என்று பெயர், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாவு மில்லில் வேலை பார்த்தான். ஜேம்ஸிடம் அடையாளம் கேட்டுக்கொண்டு, கையில் இரண்டு துணிப்பையோடு பஸ் ஏறினாள். தூக்கில் இருந்த சேமியாவைக் கஜபதிக்குக் கொடுக்கச் சொல்லி வேம்புலியம்மாளிடம் விட்டுவிட்டுத்தான் போனாள்.

மில் பெரிசாக இருந்தது. அவள் வீட்டுப் பக்கத்து மாவு மெஷின் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். இது அடுக்கு மாடி. சுவரெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது. வாசலில் லாரி நின்றது. ஆட்கள் கொக்கியால் மூட்டையைக் குத்தி இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்கள். ஒரு மூட்டை கிழிந்து தானியம் தரையில் கொட்டியிருந்தது. குனிந்து பார்த்தாள். கோதுமை.

அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பாம்பைப் பார்த்த மாதிரி.

மணவாளன் வந்தான். தலை, புருவம், காது முடி எல்லாம் வெள்ளை. நல்ல மனுஷன். மச்சான் அனுப்பிய ஆள் என்றதும் உள்ளே அழைத்துப்போனான். இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“இன்னா வோணும் தங்கச்சி?”

“சுத்தமான மைதா வோணும்ணா. ரவையும். கோதும கலக்காம.”

அவன் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டு அருகில் வந்தான். “இன்னா கலக்காம?”

“கோதும. எங்க ஊட்டுக்காரருக்கு ஆவாது. டாக்டர் சொல்லிகீறாரு. ஆமா, இங்க இன்னாத்துக்கு இத்தினி கோதும வந்து எறங்குது?”

“அரைக்கத்தான்.”

“கோதும வேற பக்கமா அரைப்பீங்களா? மைதா எங்க அரைக்கிறீங்க?”

“இங்கதான்.”

“அப்போ கெழங்கு எங்க?”

“இன்னா கெழங்கு?”

“குச்சிக்கெழங்குணா. மைதா போடுற கெழங்கு.”

மணவாளன் சிரித்தான். பக்கத்தில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, “டேய், கெழங்கு எங்கன்னு கேக்குதுடா அது,” என்றான். அவனும் சிரித்தான். பிறகு மணவாளன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். சொல்வதற்குப் பதிலாகக் காட்டினான். மேலே கையை நீட்டினான். அந்த மூட்டைகள் மேல் மாடிக்குப் போகின்றன. அங்கே கொட்டுகிறார்கள். உருளைகளில் நசுங்கிச் சல்லடையில் ஆடி ஆடிக் கீழே இறங்குகிறது. கீழே வரிசையாகக் குழாய்கள். ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு சாக்கு கட்டியிருந்தது.

“இது தவுடு, மாட்டுக்கு. இது ரவை. இது மைதா. எல்லாம் ஒரே கோதுமதான் தங்கச்சி. மேல ஒண்ணாப் போவுது, கீழ தனித்தனியா வருது.”

அவள் மைதாக் குழாயின் கீழே கையை நீட்டினாள். வெள்ளையாக வந்து விழுந்தது. சூடாக இருந்தது. அரைபட்ட சூடு. அவள் கடையில் வாங்கும் மைதா எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். இது உயிர் உள்ளதன் சூடு மாதிரி உள்ளங்கையில் குவிந்தது. கையை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. விரலிடுக்கில் வழிந்து காலில் கொட்டியது.

“ரவையுமா?” என்றாள்.

“ரவையுந்தான்.”

“சேமியா?”

“அது இங்க போடறதில்ல. ஆனா இங்கேர்ந்துதான் மாவு போவுது.”

“பன்னு?”

“பன்னு, பிஸ்கட்டு, பொரோட்டா, எல்லாம் இதான். இன்னா ஆச்சி தங்கச்சி?”

காலையில் கஞ்சி. பதினோரு மணிக்குச் சேமியா. சாயந்திரம் பன். ராத்திரி தோசை. நெய் விட்ட அடை, அதுவும் இரண்டாக. ஒவ்வொன்றாக வந்து அவள் எதிரில் நின்றன. வியாதிக்குப் பேர் தெரிவதற்கு முன்னால் அவன் என்றைக்காவது ஒரு நாள் சப்பாத்தி தின்றுகொண்டிருந்தான். விஷம் என்று டாக்டர் சொன்ன பிறகு, அவள்தான் காலை, சாயந்திரம், ராத்திரி என்று விடாமல் ஊட்டியிருக்கிறாள். தொண்டை அடைத்த அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

அவள் சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டாள். அது ரவை மூட்டை.

“மயக்கமா கீதா? பசியா?” என்ற மணவாளன் ஒரு பையனை ஓடவிட்டு டீயும் பன்னும் வாங்கிவரச் செய்தான். பன்னைக் காகிதத்தில் வைத்து அவளிடம் நீட்டினான். நாகம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அலறினாள். மெஷின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியதாக மணவாளன் பிற்பாடு ஜேம்ஸிடம் சொன்னான்.

வீட்டுக்கு வந்தபோது கஜபதி சேமியாவைச் சாப்பிட்டு முடித்துவிட்டு மார்பைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். தட்டு காலியாக இருந்தது. வேம்புலியம்மாள் பெருமையாக, “ஒண்ணு உடாம சாப்புட வெச்சிட்டேன்,” என்றாள்.

நாகம்மாவின் புடவை முழுக்க மாவு. அவள் உட்காரவில்லை. நின்றபடி, ஒரே மூச்சில், அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“மைதா கோதுமதான்யா. ரவையும் கோதும. நீ இப்ப துன்னது கோதும. நா குடுத்தது அத்தினியும் கோதும.”

கஜபதிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வேம்புலியம்மாள் குறுக்கே வந்தாள்.

“இன்னாடி ஒளர்றே? மைதா கெழங்குடி.”

“கெழங்கு இல்லக்கா. பாத்துட்டு வந்துட்டேன்.”

“ரவை?”

“அதுவுந்தான்.”

“ரவைன்னா ரவைடி! எங்கம்மா காலத்துலேர்ந்து ரவை ரவையாத்தான் கீது!”

கஜபதி கையை உயர்த்தினான். வேம்புலியம்மாள் வாயை மூடினாள். அவன் திட்டுவான், அடிப்பான் என்று நாகம்மா காத்திருந்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“அப்போ நா பொய் சொல்லல,” என்றான்.

“இல்ல, நீ சொல்லல.”

“தூக்கத்துலயும் துன்னல.”

“இல்ல.”

“நீதான் குடுத்தே.”

அவள் தலையசைத்தாள். அவன் எழுந்து பின்பக்கம் போய் விரலை விட்டு வாந்தி எடுத்தான். எடுத்து முடித்துக் குழாயடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவள் முதுகைத் தடவப் போனாள். “தொடாத,” என்றான். சத்தமாகச் சொல்லவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவளும் வந்தாள். ரவை, சேமியா, மைதா மூன்றையும் பொட்டலமாகக் கட்டி சர்தார் டாக்டரின் மேஜைமேல் வைத்தாள். டாக்டர் அதற்குள் கஜபதியின் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்திருந்தார். “நான் என்ன சொன்னேன்? கோதுமை சாப்பிடறான் இவன்! பொய் சொல்றான்!”

“அவரு சொல்லல சார். நான்தான் குடுத்தேன். இத்த.”

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்தார். ரவையை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“சூஜி. இது கோதுமை.”

“இப்ப தெரியும் சார்.”

“இப்பவா? முன்னாடி தெரியாது?”

“நீங்க சப்பாத்தி, பூரின்னீங்க. ரவைன்னு சொல்லல.”

டாக்டருக்குப் புரியவில்லை. கோதுமை வயல் நடுவில் பிறந்த மனிதர். மைதா எதிலிருந்து வருகிறது என்று ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதே அவருக்கு இதுவரை தோன்றியிருக்காது. அவர் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் திரும்பினார். படித்த பெண், கண்ணாடி போட்டிருந்தாள்.

“நீ சொல்லு. ரவை எதுல இருந்து வரும்?”

நர்ஸ் தயங்கினாள். “அரிசிதானே டாக்டர்?”

“மைதா?”

“அது... கிழங்கு.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். தலைப்பாகைக்குக் கீழே அவர் முகம் தளர்ந்துவிட்டது. இதே வியாதிக்கு இதே நாலு வாக்கியம் சொல்லி அனுப்பிய மற்றவர்களை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. வெளியே காத்திருந்த அடுத்த ஆளை உள்ளே விட வேண்டாம் என்று கை காட்டினார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எதை விட்டு எதைச் சாப்பிடுகிறான், ரசத்தில் என்ன போடுகிறாள். பெருங்காயம் என்றதும் கையை நீட்டினார்.

“கட்டிப் பெருங்காயம்? அதிலேயும் மைதா கலப்பாங்க.”

ரசம். நாகம்மா மிச்சம் வைத்திருந்த ஒரே நம்பிக்கை அந்த மத்தியானச் சோறுதான்.

தடிப்புக்கும் வீக்கத்துக்கும் காரணம் ஆயில் இல்லை, சீலியாக்கோடு சேர்ந்து வந்த கோதுமை அலர்ஜி என்று தொழிற்சாலைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் தோல் உடனே அடங்கவில்லை. எழும்புவதும் அமுங்குவதுமாகக் கொஞ்ச நாள் ஆட்டம் காட்டிவிட்டுத்தான் போயிற்று. தீபாவளி கழிந்து நடந்த மெடிகலில் முழங்கையில் தழும்பு மட்டும் இருந்தது. கஜபதி லேத்திலேயே நின்றான். பொங்கலுக்கு முன்னால் பர்மனென்ட் ஆனான். ஜேம்ஸ் ‘கக்கூஸ் கஜா’வைக் கைவிட்டு, “கெழங்கு எங்க மாமே?” என்று கேட்க ஆரம்பித்தான். செக்‌ஷனே சிரித்தது. கஜபதியும் சிரித்தான்.

வீட்டில் அவன் சிரிக்கவில்லை. சண்டையும் போடவில்லை. தட்டை வைத்தால் முதலில் கேட்பான், “இதுல இன்னா போட்டே?” அவள் சொல்வாள். உப்பு, புளி, மிளகாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். சொல்லி முடிக்கும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பான். ஒரு வருஷம் போனால் மறப்பான் என்று நினைத்தாள். மறக்கவில்லை.

ஒரு மத்தியானம் ஆவி பறக்கச் சோற்றை மட்டும் தட்டில் போட்டு, குழம்பைத் தனியாகக் கிண்ணத்தில் வைத்தாள். அவன் சோற்றைப் பார்த்தான்.

“இது இன்னா?”

“சோறுயா.”

“சோறு எதுலேர்ந்து வருது?”

அவள் கரண்டியோடு நின்றாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. பயந்திருந்தான்.

“நெல்லுலேர்ந்து.”

“நீ பாத்துகீறியா?”

“நட்டேகீறேன்யா. கல்யாணத்துக்கு முன்ன, செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழ, எங்கம்மா கூட. நட்டு, அறுத்து, குத்தி, பொடைச்சி, இந்தக் கையால.”

கஜபதி அவள் கையைப் பார்த்தான். தட்டைத் தன் பக்கம் இழுத்து, வெறும் சோற்றில் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்து மெதுவாக மென்றான். விழுங்கினான். பிறகு குழம்புக் கிண்ணத்தைக் காட்டி, “இது?” என்றான்.